முதல் தடவை ஒகேனக்கல் வருகிறவர்களுக்கு: இரண்டு நாள், ஓர் ஆறு, ஒரு மலை

ஒகேனக்கல்லுக்கு வெளியூரிலிருந்து வரும் நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து பத்தரைக்கு வந்து இறங்கி, வண்டி நிறுத்த இடம் தேடி, பரிசலுக்கு வரிசையில் நின்று, வெயிலில் வெந்து, மூன்று மணிக்கு ஆறிப்போன மீனைச் சாப்பிட்டுவிட்டு "இதுக்கா இவ்வளவு தூரம்" என்று முனகிக்கொண்டே திரும்புகிறார்கள். இடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாளும் நேரமும் பார்த்து வந்தால் இதே இடம் வேறு மாதிரி இருக்கும். தர்மபுரிக்காரன் என்பதால் வருகிற போகிற நண்பர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள், எல்லோருக்கும் ஒரே பதில்தான்: தேதியை நீங்கள் குறிக்காதீர்கள், காவிரி குறிக்கட்டும்.

கிளம்புவதற்கு முன்: நீர்வரத்து

கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டு எல்லையைத் தொடுகிறது. அங்கே மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளக்கிறது. "வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்று தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் வருவது இந்தக் கணக்குதான். போனில் "ஒகேனக்கல் நீர்வரத்து" என்று தேடினாலே அன்றைய நிலவரம் கிடைத்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பாருங்கள், ஏனென்றால் ஒரு நாள் எண்ணை விட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஜூலை, ஆகஸ்டில் தர்மபுரியில் வானம் சுத்தமாக இருக்கும், வெயில்கூட அடிக்கும். ஆனால் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும், கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பி உபரி நீரைத் திறப்பார்கள், அது இங்கே வந்து சேரும்போது பாறைகளே தெரியாத அளவுக்கு ஆறு செம்மண் நிறத்தில் புரளும். 2022-லும் 2024-லும் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிப் போனது. அந்த மாதிரி நாட்களில் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடும், தண்ணீர் ரொம்ப அதிகமானால் ஆற்றோரம் போகவே விடமாட்டார்கள். தண்ணீர் குறைந்த அன்றே தடை போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் பரிசல் இறங்கும், அருவிக்குப் போகும் நடைபாதையைச் சரிசெய்யும் வேலை இருந்தால் குளிக்க இன்னும் சில நாள் ஆகும்.

கோடையில் இதற்கு நேர்மாறு. அருவி மெலிந்து கிடக்கும், பள்ளிக்கூட விடுமுறைக் கூட்டம் இருக்கும், பாறை காலைச் சுடும். ஆனால் தண்ணீர் அமைதியாக இருப்பதால் பரிசலில் பாறை இடுக்குகளுக்குள் சாவகாசமாகப் போய்வரலாம். ஆடிப்பெருக்கைத் திருவிழாவாகப் பார்க்க வருவதென்றால் வாருங்கள், அமைதியைத் தேடி வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தொடவே வேண்டாம். என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. வெள்ளம் வடிந்திருக்கும், மலையெல்லாம் பச்சையாக இருக்கும், காலையில் லேசான குளிர். புயல் சின்னம் ஏதாவது உருவாகியிருந்தால் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

திட்டம் இப்படி இருக்கட்டும்

வெள்ளி இரவு தர்மபுரிக்கு வந்து படுத்துவிடுங்கள். சனி விடியற்காலை ஒகேனக்கல், இரவு மறுபடி தர்மபுரி, ஞாயிறு காலை வத்தல்மலை, மதியச் சாப்பாட்டோடு ஊருக்குக் கிளம்புவது. ஆற்றுக்குச் சனியும் மலைக்கு ஞாயிறும் என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு: ஒகேனக்கல்லில் ஞாயிறு கூட்டம் தாங்காது. ஆற்றோரமே தூங்கவேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒகேனக்கல்லில் சுற்றுலாத் துறையின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது, தனியார் விடுதிகளும் இருக்கின்றன, ஆனால் நல்ல பருவத்தில் வார இறுதிக்கு முன்பதிவு இல்லாமல் அறை கிடைப்பது கஷ்டம். தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றி விடுதிகளுக்குப் பஞ்சமில்லை.

வந்து சேருவது

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் தர்மபுரிக்கு நேரடி வண்டி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சேலம், கோவை போகும் வண்டிகளில் மொரப்பூரில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், அங்கே இறங்கினால் தர்மபுரிக்குப் பேருந்து உண்டு. தர்மபுரி ஸ்டேஷன் இருப்பது சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பாதையில், ஆகவே பெங்களூருக்காரர்களுக்கு அது சௌகரியம். சாலை வழி என்றால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் மூன்றையும் தொட்டுப் போகும் தேசிய நெடுஞ்சாலை இருக்கவே இருக்கிறது. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகவும் வரலாம், வழியெல்லாம் தக்காளித் தோட்டங்கள்.

தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். இண்டூர் தாண்டிப் பென்னாகரம் வரும், அதுவரைக்கும் சாதாரணச் சாலை. பென்னாகரம்தான் கடைசிப் பெரிய ஊர், எனவே பெட்ரோல், ஏ.டி.எம்., மருந்துக்கடை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கீழே போனபிறகு சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், போனை நம்பிப் பணம் இல்லாமல் இறங்கினால் பரிசல்காரரிடமும் மீன் கடையிலும் முழிக்கவேண்டிவரும். அரசுப் பேருந்து தர்மபுரியிலிருந்து நேராகவும் உண்டு, பென்னாகரத்தில் மாறியும் போகலாம்.

பென்னாகரத்தைத் தாண்டி மடம் சோதனைச் சாவடிக்கு அப்புறம் காடு ஆரம்பிக்கிறது. வளைந்து வளைந்து இறங்கும் கணவாய்ப் பாதை அது. கோடையில் தண்ணீர் தேடி யானைகள் ஆற்றுக்கு இறங்கும் வழியும் அதுவே. முண்டச்சிப்பள்ளம் பக்கம் யானை சாலையைக் கடப்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பார்த்தால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, ஹாரன் அடிக்காமல், இறங்காமல், அது போகும்வரை காத்திருங்கள். செல்பி எடுக்கிற ஆசை அந்த நேரத்தில் வேண்டாம். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் பைக்கில் போகாதீர்கள்.

பெங்களூரு, ஓசூர் பக்கமிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக வரும் இன்னொரு பாதை இருக்கிறது. அழகில் அதற்கு ஈடு இல்லை, மேலகிரி மலைகளுக்கு நடுவே காட்டுக்குள்ளேயே போகும். பகலில் மட்டும் வாருங்கள். கேழ்வரகு அறுவடை சமயத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரத்துக்கு வந்துவிடும், அந்த மாதங்களில் அதிகாலையும் அந்தியும் அவற்றின் நேரம்.

பரிசல்

ஒகேனக்கல்லுக்கு வந்து பரிசல் ஏறாமல் போனால் வந்ததில் பாதி வீண். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் தண்ணீர் புகாத உறை போர்த்தியிருப்பார்கள். அந்தக் காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். தரையில் ஓரிடத்திலிருந்து இன்னொரு துறைக்குப் போகவேண்டுமென்றால் ஓட்டுகிறவர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துபோவார், பார்க்கிறவர்களுக்குப் பெரிய ஆமை ஒன்று நிமிர்ந்து நடக்கிற மாதிரி இருக்கும்.

ஏறும் முறை இதுதான். முதலில் கட்டணக் கவுண்டருக்குப் போய்ச் சீட்டு வாங்குங்கள். கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் பரிசலுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்திருப்பார்கள், ஒரு பரிசலுக்கு நாலு பேர் என்பது வழக்கம். இரண்டு பேராக வந்தவர்கள் வரிசையில் நிற்கும் இன்னொரு ஜோடியிடம் பேசிச் சேர்ந்துகொண்டால் செலவு பாதி. வண்டி நிறுத்தும் இடத்திலேயே வந்து "நான் தனியா கூட்டிட்டுப் போறேன் சார், யாரும் போகாத எடம்" என்று கூப்பிடுகிறவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். லைப் ஜாக்கெட் கட்டாயம், அதைச் சும்மா தோளில் மாட்டிக்கொள்ளாமல் வார் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைக்குப் பெரிய அளவு ஜாக்கெட் கொடுத்தால் மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

உட்காரும்போது விளிம்பில் உட்காராமல் உள்ளே இறங்கி உட்காருங்கள், எடை நாலு பக்கமும் சமமாக இருக்கவேண்டும், போட்டோவுக்காக எழுந்து நிற்கக்கூடாது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர், மேலே எங்கிருந்தோ விழும் சாரல், ஐந்தருவிப் பக்கம் வரும்போது பேச்சே கேட்காது. நடுவில் ஓட்டுகிறவர் பரிசலைச் சுற்றிவிடுவார், ராட்டினம்போலத் தலை சுற்றும். பிடிக்காதவர்களும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களும் ஏறும்போதே "சுத்தாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டால் போதும், சுற்றமாட்டார். தண்ணீருக்கு நடுவிலேயே இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து ஒட்டும், அது மிதக்கும் பெட்டிக்கடை, நொறுக்குத்தீனியும் குளிர்பானமும் வைத்திருப்பார்கள். வாங்கலாம், ஆனால் காலி பாட்டிலை ஆற்றில் போட்டுவிடாதீர்கள். இந்தத் தண்ணீரைத்தான் சுத்திகரித்துத் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் குடிக்கக் கொடுக்கிறார்கள். இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம், பல்லில் மஞ்சள் கறையோடும் மூட்டு வலியோடும் தலைமுறைகள் வாழ்ந்த மாவட்டம் இது, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபிறகுதான் கொஞ்சம் மாறியது. உங்களுக்கு அது சுற்றுலா இடம், எங்களுக்கு அது வீட்டுக் குழாய்.

காலை முதல் சில பரிசல்களில் ஒன்றில் ஏறிவிடுங்கள். வெயில் ஏறுமுன் பாறையின் நிறமே வேறாக இருக்கும், வரிசையும் இருக்காது.

குளியல்

பரிசலுக்கு அப்புறம் எண்ணெய் மசாஜ், அப்புறம் மெயின் அருவி. வரிசையை மாற்றாதீர்கள், எண்ணெய் உடம்போடு பரிசலில் வழுக்கிக்கொண்டு உட்காருவது யாருக்கும் நல்லதில்லை. மசாஜ் செய்கிற தொழிலாளர்கள் ஆற்றோரத்திலேயே இருப்பார்கள். உட்காருவதற்கு முன்னால் எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், எண்ணெய் அதில் சேர்த்தியா என்று மூன்றையும் பேசிவிடுங்கள். முதுகுப் பிரச்சினை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தலையோடும் தோளோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

குளிக்க அனுமதித்திருக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். இதை எழுதி எழுதிக் கை வலிக்கிறது, ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு கல்லூரிப் பையன் "இங்க ஆளே இல்ல, ஜாலியா இருக்கு" என்று ஆலம்பாடிப் பக்கமோ ஊட்டமலைப் பக்கமோ இறங்கிப் போய்விடுகிறான். ஆள் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. மேலே தண்ணீர் தூங்குவதுபோல இருக்கும், அடியில் சுழலும் பாறைப் பொந்தும் இருக்கும். முதலையும் இருக்கிறது, முதலைப் பண்ணையில் மட்டுமில்லை, ஆற்றிலேயே. கடலில் நீந்தத் தெரியும், கிணற்றில் நீந்தத் தெரியும் என்பதெல்லாம் இங்கே செல்லாது. நல்ல பிடிமானமுள்ள செருப்பு போட்டு வாருங்கள், பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து கை உடைந்தவர்களைப் பென்னாகரம் ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வார்கள்.

சாப்பாடு

மீன்தான், வேறென்ன. கட்லா, ரோகு, மிருகால், கெளுத்தி, வாளை எல்லாம் கிடைக்கும். ஓட்டல்களில் போய்ச் சாப்பிடலாம், ஆனால் இங்கே இன்னொரு வழக்கம் உண்டு: நீங்களே மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் அக்காக்கள் மசாலா அரைத்து, குழம்பும் வறுவலும் சோறும் ஆக்கித் தருவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். குளிக்கப் போகுமுன் மீனைக் கொடுத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சுடச்சுட இருக்கும். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கண்முன்னே எடை போட்டு வாங்குங்கள். மீன் விலை தனி, சமையல் கூலி தனி, எண்ணெய், அரிசி யார் கணக்கு என்பதை முதலிலேயே கேட்டுவிட்டால் கடைசியில் சங்கடம் இல்லை. காரம் எங்கள் ஊர்க் காரம், குழந்தைகளுக்கு என்று சொன்னால் குறைத்துப் போடுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பென்னாகரத்திலேயே பார்சல் வாங்கிக்கொள்வது உத்தமம்.

மதியத்துக்குமேல் தொங்குபாலத்தில் ஒரு நடை, முதலைப் பண்ணை, அவ்வளவுதான். நாலு மணிக்குள் கணவாய்ப் பாதையில் ஏறித் திரும்பிவிடுங்கள். திரும்பும்போது நேரம் இருந்தால் பென்னாகரத்திலிருந்து பாப்பாரப்பட்டி வழியாக வாருங்கள். சுப்பிரமணிய சிவா 1925-ல் இறந்தது அந்த ஊரில்தான், நினைவிடம் இருக்கிறது.

ஞாயிறு: வத்தல்மலை

தர்மபுரியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இதை ஊட்டி, ஏற்காடு என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். படகு வீடு இல்லை, பூங்கா இல்லை, பெரிய கடைத்தெரு இல்லை. அதற்காகவே நான் சிபாரிசு செய்கிறேன். 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போனால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, அதன் நிழலில் காப்பிச் செடிகள். நடுநடுவே சாமை, கேழ்வரகு வயல்கள், பலா மரங்கள், பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என்று சின்னச் சின்னக் கிராமங்கள். தார்ச்சாலையும் பேருந்தும் வருவதற்கு இந்த மக்கள் ரொம்ப காலம் காத்திருந்தார்கள், அதுவரை நோயாளியைக்கூடத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டிய நிலைமை.

ஆறு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருங்கள். ஏழு ஏழரை வரை மேலே மூடுபனி இருக்கும், ஒன்பதுக்குமேல் அது சாதாரண மலைதான். ஏறும்போது மேலிருந்து இறங்கும் பேருந்துக்கு வளைவில் இடம் விடுங்கள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், ஸ்கூட்டரில் வருகிறவர்கள் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி பிரேக் சூட்டை ஆறவிட்டு வரவேண்டும். மேலே பெட்ரோல் பங்க் கிடையாது. டீக்கடை இருக்கும், பெரிய சாப்பாடு எதிர்பார்க்காதீர்கள், இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

தோட்டங்கள் எல்லாம் தனியார் நிலம். காப்பிப் பழம் சிவந்திருக்கிறதே என்று பறித்துப் பையில் போடுவதும், வேலைசெய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் அங்கே யாருக்கும் பிடிப்பதில்லை. பேச்சுக் கொடுத்தால் நன்றாகப் பேசுவார்கள். காப்பிக்கொட்டை, மிளகு, சாமை, பருவத்தில் பலா, எல்லாம் அவர்களிடமே வாங்கலாம். சந்தை விலையைச் சொல்லி ரொம்பப் பேரம் பேசாதீர்கள், அதை மேலே விளைவித்துக் கீழே கொண்டுவருகிற பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

காட்டுக்குள் நடக்க ஆசைப்பட்டால்

ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்ற வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம், அபராதம் போடுவார்கள். இணையத்தில் யாரோ போட்ட வழித்தடத்தை வைத்துக்கொண்டு ராசிமணல் பக்கம் நடக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். மலையேற்றம் வேண்டுமென்றால் 2024-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டம் இருக்கிறது, இணையத்தில் முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் வழித்தடங்களை மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றில் தடை என்றால்

அறை போட்டாயிற்று, விடுப்பும் எடுத்தாயிற்று, வெள்ளி இரவு பார்த்தால் பரிசலுக்குத் தடை. பரவாயில்லை. சனிக்கிழமையைத் தீர்த்தமலைக்கு மாற்றுங்கள். அரூரைத் தாண்டி இருக்கிறது, படியேறிப் போனால் தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பாறையிலிருந்து கொட்டும் ராமர் தீர்த்தம், இன்னும் சில தீர்த்தங்கள். வயதானவர்கள் மெதுவாக ஏறலாம். குரங்குகள் அதிகம், கையில் பிளாஸ்டிக் பை வைத்திருந்தால் பறிகொடுக்கத் தயாராக இருங்கள். படியேற முடியாதவர்கள் கிருஷ்ணகிரி அணைக்குப் போகலாம், தென்பெண்ணையின் குறுக்கே காமராஜர் காலத்தில் கட்டியது, பூங்காவும் மரநிழலும் உண்டு, அங்கேயும் பொரித்த மீன் கிடைக்கும். தர்மபுரிக்குப் பக்கத்திலேயே அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயிலும், பழைய ஓவியங்கள் உள்ள சென்றாயப் பெருமாள் கோயிலும் இருக்கின்றன, ஒரு மணி நேரம் போதும்.

திரும்பும்போது

சேலம் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் வரும், சேலம் போகும்போது அது இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகளால் விபத்துகள் தொடர்ந்து நடக்கிற இடம். முன்னால் போகிற லாரியை ஒட்டிப் போகாதீர்கள், உங்களுக்குப் பின்னால் லாரி வந்தால் முதலில் அதற்கு வழி விடுங்கள், வேகப்பலகையில் போட்டிருப்பதைத் தாண்டவே வேண்டாம். இருட்டுவதற்குள் கடந்துவிட்டால் நிம்மதி.

கிருஷ்ணகிரி பக்கம் போகிறவர்கள் மே, ஜூனில் வந்தால் மாம்பழத்துக்குக் கொஞ்சம் இடம் வைத்துக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலை ஓரத்திலேயே கூடை கூடையாக வைத்திருப்பார்கள். மல்கோவா வாங்கினால் காயாக வாங்கி வீட்டில் பழுக்க வையுங்கள். மொரப்பூரில் ரயில் பிடிக்கவேண்டியவர்கள் தர்மபுரியிலிருந்து குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னால் பேருந்து ஏறிவிடுங்கள், ஞாயிறு மாலைப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.